நிமிர்ந்து நிற்கும் வகுப்பு

நவம்பர் 4, செவ்வாய்
மழை, காற்று. டென்மார்க்கில், அதுவும் ரண்டர்ஸில், வேறென்ன.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் நிமிர்ந்து நிற்க வகுப்பு. டெனிஷ்காரர் கொட்டாவி விடவும் ஒரு வகுப்பு வைப்பார்கள். எடுப்பவள் மெட்டே, பிசியோதெரபிஸ்ட், இருபத்தைந்து வயதிருக்கும். தோள் பின்னுக்கு, நாடி உள்ளுக்கு, முழங்காலை மடித்துத் தூக்கு. பதினொரு வருடமாகக் கிழவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறேன். இவள் தலையணையைத் தூக்கிக் காட்டுகிறாள்.

வாங்க: பால், கறிவேப்பிலை (இருந்தால்), இவருக்கு முதுகுத் தைலம்.

இவர் சோபாவில் இறால் மாதிரிச் சுருண்டு போன் பார்க்கிறார். நிமிர்ந்து இருக்கச் சொன்னேன். "முதல்லை நீர் நிமிரும்" என்றார். வாய்க்கு மட்டும் கூனல் இல்லை.

நவம்பர் 6, வியாழன்
குளிர். பிரிவுப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. என்னைவிடப் பழையவள் இங்கே இல்லை. கேட்காமலே தருவார்கள் என்று இரண்டு முறை சும்மா இருந்தேன், மடைச்சி. மேலாளர் லோனே திங்கள் வரச் சொன்னாள்.

நவம்பர் 7, வெள்ளி
வேலை நேரத்தில் எடுத்த வீடியோக்களை மெட்டே திரையில் போட்டாள். மற்றவர்களின் முதுகுகள் பார்க்கச் சகிக்கவில்லை. நான் கிழவரை எழுப்புவது: முழங்கால் சரி, முதுகு சரி. மெ. கைதட்டினாள். பெரிய கண்டுபிடிப்பு.

அடுத்த துண்டு. லோனே கதிரையில் இருந்தபடி ஆப்பிள் தின்கிறாள். நான் அவள் முன்னால் கடந்து போகிறேன். உடம்பு இரண்டாக மடிந்து, ஒரு கை நெஞ்சில். பெரியவர்கள் இருக்க முன்னால் நிமிர்ந்து போகாதே என்று அம்மா குட்டிக் குட்டிப் பழக்கியது. லோனேக்கு என் மகளின் வயது.

மெ. படத்தை நிறுத்தி, இந்த இடத்தில் நோகிறதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். ஓம் என்றேன். பொய். காது எரிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு
மண்டபத்தில் எங்கள் தமிழாட்கள் வீட்டுப் பிறந்தநாள். வாசலோடு கதிரை போட்டு ஆம்பிளைகள். கடந்துபோகிற பெண்டுகள் எல்லாம் குனிகிறார்கள், வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறவளும். ஆம்பிளைகள் நீட்டிய காலைக்கூட மடக்கவில்லை. நானும் குனிந்துதான் போனேன். தூ.

சாப்பிடத் தந்த ரோல்ஸ் நல்லாயில்லை.

நவம்பர் 10, திங்கள்
மழை விட்டிருக்கிறது. லோனேயின் அறை. வாசலிலேயே முதுகு வளையப் பார்த்தது, விடவில்லை.

வேலையைப் போன வருடம் வந்தவளுக்குக் கொடுத்தாயிற்றாம். நான் நல்லவளாம், பணிவாம். பொறுப்பாளர் என்றால் நாலு பேருக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். "உனக்கும் இப்படியே இருப்பதுதானே விருப்பம்?" என்றாள்.

லோனே மேலாளராக வந்த மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் ஓம்தான் சொல்லியிருக்கிறேன்.

"இல்லை. எனக்கு அந்த வேலைதான் விருப்பம். ஏன் எனக்கில்லை என்று எழுதித் தா."

பார்ப்போம் என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். மேலாளர் எழும்பினால் நானும் எழும்பிவிடுவேன், எப்போதும். இருந்த இடத்திலேயே இருந்தேன். பேப்பரும் பேனாவும் மேசையில்தான் கிடந்தன.