லிஃப்ட் குழுவில் நாணயச் சண்டை

மார்ச் 2, திங்கள். மாலை 6.40. குழுவில் இன்று மட்டும் 187 செய்திகள். என்னுடையவை 54.

இது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. இருபத்து நாலு வீடுகள். தண்ணீர் வராதது, குப்பை வண்டி வந்தது, யாரோ யாருடைய இடத்திலோ வண்டியை நிறுத்தியது, இதற்காகத் தொடங்கியது. காலையில் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் ஒரு காணொளியை அனுப்பி, கீழே எழுதினார்: "பத்து வருஷத்தில் காகித நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். டிஜிட்டல் நாணயம்தான் எதிர்காலம். விழித்துக்கொள்ளுங்கள்!"

நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "டாக்டர், நான் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை. நீங்கள் பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள்."

அவ்வளவுதான். நான் தொடங்கவில்லை.

கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் இருக்கிறதே, அதற்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். ஒரு பணப் பரிமாற்றம் எந்த இடத்தில் விக்கும், எந்த இடத்தில் உயிரை விடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காலையில் ஒரு மதிப்பு, மாலையில் ஒரு மதிப்பு இருக்கிற காசுக்கு எந்தக் கடைக்காரன் பால் பாக்கெட் கொடுப்பான்? கடவுச்சொல் மறந்துபோனால் யாரிடம் போய் அழுவது? கேட்டேன். "அரசாங்கம் தடுக்க முடியாது, வங்கிக்கு விடுமுறை கிடையாது" என்று அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருக்கிறார்.

நடுவில் 11.15க்குச் சங்கச் செயலாளர் ஒரு செய்தி போட்டிருக்கிறார்: "லிஃப்ட் நின்றுவிட்டது." யாரும் பார்க்கவில்லை. நானும்தான். ஐந்து மாடி ஏறி வந்த பிறகு தேடிப் பார்த்தேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டா இப்படி இரைக்குது?"

"லிஃப்ட் ஓடலம்மா. காலையிலேர்ந்து."

"குரூப்புல போடலையா?"

"போட்டாங்க."

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். கன்ட்ரோல் போர்டு கருகிவிட்டது. அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். மொத்தமாக மாற்ற வேண்டும். எல்லா வீடும் பங்கு போட வேண்டும் என்பதால் சங்கத்தில் ஓட்டெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதினாறு வீடு சம்மதிக்க வேண்டும்.

20ஆம் தேதி அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு படி ஏறக் கூடாது. மருத்துவமனையில் விண்ணப்பம் எழுதிய பெண் முதலில் கேட்டதே, "எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கா?" என்பதுதான். நெஞ்சை நிமிர்த்தி "இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினாறு வீடு. லிஃப்ட் வேண்டாம் என்று எவன் சொல்லப்போகிறான்?

மார்ச் 5, வியாழன்

டாக்டர் எது எழுதினாலும் ஏழு வீட்டுக்காரர்கள் இதயம் போடுகிறார்கள். படித்துப் பார்த்துத்தான் போடுகிறார்களா? பொறுக்க முடியவில்லை. எழுதினேன்: "முன்னால் போகிற ஆடு கிணற்றில் விழுந்தால் பின்னால் வருகிறதும் விழும். நம் கட்டடத்தில் ஒரு முழு மந்தையே இருக்கிறது."

நாலாம் மாடி இன்சூரன்ஸ்காரர் மட்டும் எனக்குக் கைதட்டினார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன, ஜெயிச்சிட்டியா?"

"பின்ன?"

"அப்ப லிஃப்ட் வந்துடுமா?"

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் படிக்கட்டில் எதிரே வந்தார். இருவரும் கைபேசியைப் பார்த்தபடியே ஒதுங்கிக் கடந்தோம். வாசலுக்கு வந்ததும் என் கைபேசி அதிர்ந்தது. மனுஷன் படியில் எனக்குத்தான் பதில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்!

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டெடுப்பு. நேற்றே நான் குழுவில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் போட்டிருந்தேன். போர்டு ஏன் கருகியது, புதியது எப்படி வேலை செய்யும், எல்லாம் படத்தோடு. இதைவிடத் தெளிவாக எவனாலும் எழுத முடியாது.

ஒன்பது ஓட்டு.

ஒன்பது!

செயலாளர் பேசினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்தச் சண்டைக்கும் "அமைதி, அமைதி" என்று மட்டும் எழுதுவதால் எங்கள் வீட்டில் அவருக்குச் சபாநாயகர் என்று பெயர்.

"தம்பி, லிஃப்ட்டுக்கு யாரும் எதிரி இல்ல."

"அப்புறம் ஏன் சார்?"

"லிஃப்ட் வேணும்னு எழுதினது நீங்க. அதான்."

மந்தை என்று சொன்னேன் அல்லவா, டாக்டரையும் சேர்த்து எட்டு வீடும் மந்தையாகவே நின்று காட்டிவிட்டது. கீழ்வீட்டு அத்தையும் ஓட்டுப் போடவில்லை. தரைத்தளத்தில் தனியாக இருக்கிறவர். கேட்கப் போனால், "எனக்கெதுக்குடா லிஃப்ட்? நான் என்ன பாதாளத்துக்கா போகப்போறேன்?" என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

அம்மா விரட்டியதால் டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"டாக்டர், மந்தைன்னு சொன்னது தப்பு."

"விடுங்க தம்பி. பரவால்ல."

"ஆனா நீங்க பணவீக்கத்தைப் பத்திச் சொன்னதும் தப்புதான்."

கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான் சாத்தினார், படித்தவர்.

அம்மா கேட்டாள், "மன்னிப்புக் கேக்கப் போனியா, பாக்கி வசூல் பண்ணப் போனியா?"

மார்ச் 11, புதன்

மருத்துவமனையிலிருந்து அழைப்பு. திங்கட்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டும். லிஃப்ட் இல்லையென்றால் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த தேதி ஜூலையில்தான்.

"ஜூலையிலயே பாத்துக்கலாம். முழங்கால் எங்க ஓடிப்போகப் போகுது? அதால ஓட முடியாதுன்னுதானே ஆஸ்பத்திரிக்கே போறோம்" என்று சிரித்துவிட்டு அம்மா சமையலறைக்குப் போனாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அவள் போன பிறகு சுவரைப் பார்த்தேன். கூடத்திலிருந்து அடுப்படி வரை, இடுப்பு உயரத்தில், நீளமாக ஒரு அழுக்குக் கோடு. எல்லாம் அவள் கை. இத்தனை நாள் நான் இதைப் பார்க்கவே இல்லையா? தினமும் இந்த வீட்டில்தானே இருக்கிறேன்? என்னத்தைப் பாத்துட்டு இருந்தேன்?

தெரியும், என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று.

மார்ச் 13, வெள்ளி

விழுந்துவிட்டது! டாக்டரின் நாணயம் ஒரே நாளில் பாதி மதிப்புக்கு வந்துவிட்டது! பழம் நழுவிப் பாலில் விழுந்து, பால் நழுவி என் வாயில் விழுந்த மாதிரி. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு எழுதினேன். பதினோரு பத்தி, இரண்டு வரைபடம். முதல் வரி: "அன்றே சொன்னேன்."

அனுப்பும் நேரத்தில் சபாநாயகரின் செய்தி வந்தது: "ஞாயிறு மாலை லிஃப்ட்டுக்கு மறு ஓட்டெடுப்பு. ஒன்பது மணியோடு முடியும். இதுவே கடைசி."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பதினோரு பத்தியையும் பொறுமையாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்க. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி வரைக்கும் வாயைக் கட்டு. ஒம்போது ஒண்ணுக்கு அனுப்பு. நானே இதயம் போடறேன்."

அனுப்பவில்லை. தும்மலைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பதுபோல் இருக்கிறது.

மார்ச் 14, சனி

கெட்டது.

நான் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் பக்கத்து ஆட்கள்தான் தொடங்கினார்கள். இன்சூரன்ஸ்காரர் எழுதினார்: "ஊர் பல்லைப் பிடுங்கியவர் பல்லையே பிடுங்கிவிட்டார்களாம்!" ஒருவர் மாற்றி ஒருவர் சிரிப்புப் பொம்மைகள். பிறகு இன்சூரன்ஸ்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "விலை விழுந்தது. ஆகவே டிஜிட்டல் நாணயத்துக்கு எதிர்காலம் இல்லை. நிரூபணம் முடிந்தது."

நாலு தடவை கைபேசியைக் கீழே வைத்தேன்.

எது நிரூபணம்? விலை விழுந்தால் எதிர்காலம் இல்லை என்றால், போன வருஷம் ஏறியபோது எதிர்காலம் இருந்ததா? அப்போது டாக்டர் சொன்னது சரியா? நான் சொல்வது அடிப்படையைப் பற்றி. நாளைக்கே அது பத்து மடங்கு ஏறினாலும் நான் அதையேதான் சொல்வேன். இந்த ஆள் என் பக்கம் நின்றுகொண்டு என் வாதத்தையே குட்டிச்சுவராக்குகிறார்.

ஐந்தாவது தடவை கீழே வைக்கவில்லை. எழுதினேன்:

"இது முட்டாள்தனமான வாதம். விலையை வைத்து எதிர்காலம் சொல்வது கிளி சீட்டு எடுப்பதற்குச் சமம். டாக்டர் இரண்டு வாரமாகத் தப்பாகப் பேசினார், ஆனால் யோசித்துப் பேசினார். நீங்கள் சரியான பக்கத்தில் நின்றுகொண்டு யோசிக்காமல் பேசுகிறீர்கள். எனக்கு அவரே மேல்."

இன்சூரன்ஸ்காரர் அழைத்துக் கத்தினார். "நீ எந்தப் பக்கம்டா? உனக்காகத்தானே பேசினேன்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையாடா உனக்கு?"

நுணல் தன் ஒரு வாயால் கெட்டது. எனக்கு இரண்டு பக்கமும் வாய்.

மார்ச் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. டாக்டர். மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கே அவருக்கு இரைத்தது.

"தம்பி, ரெண்டு நாளா பாதிப் பேர் சிரிக்கிறாங்க. மீதிப் பேர் துக்கம் விசாரிக்கிறாங்க. பேஷன்ட் வாயைத் திறந்துக்கிட்டே பாவம்னு பாக்கறாரு. என்னோட இன்னும் சண்டை போடறது நீங்க ஒருத்தர்தான்."

"நீங்க சொன்னது தப்புதான் டாக்டர்."

"அதைச் சொல்லுங்க! எங்க தப்பு?"

ஒன்றரை மணி நேரம். அம்மா இரண்டு தடவை காப்பி கொடுத்தாள். இரண்டாம் தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததை டாக்டர் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாதத்தில் சூடு குறைந்துவிட்டது. கிளம்பும்போது, "லிஃப்ட் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றது சரி" என்றார்.

மாலை. டாக்டரையும் சேர்த்துப் புதிதாக எட்டு வீடு வந்தது. போன தடவை போட்ட இன்சூரன்ஸ்காரரும் அவர் எதிர்வீட்டு மச்சானும் கோபத்தில் ஓட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து! ஒன்று குறைகிறது! டாக்டரும் நானும் கீழ்வீட்டு அத்தையிடம் ஓடினோம்.

"ஓட்டு அப்புறம். மொதல்ல உக்காருங்க ரெண்டு பேரும். ரெண்டு வாரமா அடிச்சுக்கறீங்க, என் போனே சூடாயிடுச்சு. அந்த டிஜிட்டல் காசுன்னா என்னன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

ஆயிரத்துச் சொச்சம் செய்தியில் ஒன்றில்கூட இல்லை.

டாக்டர் தொடங்கினார். நான் திருத்தினேன். அவர் என் திருத்தத்தைத் திருத்தினார். அத்தை கை தட்டி நிறுத்தி, "நீ சொல்லு, சுருக்கமா" என்றார் என்னிடம்.

"ஒரு கணக்கை ஆயிரம் பேர் ஆளுக்கொரு நகல் வெச்சிருப்பாங்க அத்தை. தலைவர்னு யாரும் கிடையாது. எது மாத்தணும்னாலும் பெரும்பாலானவங்க ஒத்துக்கணும்."

"நம்ம சங்கம் மாதிரி?"

டாக்டர் மலர்ந்துவிட்டார். "கரெக்ட்! அதேதான்!"

"அப்ப உருப்படாது" என்றார் அத்தை.

நான் சிரித்த சிரிப்பில் டாக்டரும் சிரித்துவிட்டார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஓட்டு விழுந்தது. பதினாறு.

"உங்கம்மாவுக்காகப் போடறேன். உங்க மூஞ்சிக்காக இல்ல. லிஃப்ட் எப்ப வரும்?"

"நாலு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் அவங்க என் முன்னறையில இருக்கட்டும். நாலு வாரம்னாத்தான். நாலு வருஷம்னு இழுத்தா மாட்டேன்."

ஒன்பது ஒன்றுக்கு அந்தப் பதினோரு பத்தியை எடுத்துப் பார்த்தேன். வரைபடம் நன்றாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன். 'அன்றே சொன்னேன்' என்பதும் விலையை வைத்துச் சொல்கிற வாதம்தானே?

மார்ச் 16, திங்கள்

உறுதி செய்தாயிற்று.

மார்ச் 20, வெள்ளி

அம்மா உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது. டாக்டர் (நம்மவர்) கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் விலை பார்க்கிறார். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. "ஏறுதா?" என்று கேட்டேன்.

நான் கேட்டேன்!

ஏப்ரல் 2, வியாழன்

கீழ்வீட்டு முன்னறையில் அம்மா வாக்கரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்தாள். அத்தை கட்டளையிடுகிறார், டாக்டர் எண்ணுகிறார். எனக்கு அங்கே வேலையே இல்லை. "நீ நின்னா எங்களுக்குப் பதட்டமா இருக்கு, மேல போ" என்றாள் அம்மா.

மேலே போனேன். வீடு மயான அமைதி. குழுவில் யாரோ காணொளி அனுப்பியிருந்தார்கள். பதில் எழுதத் தோன்றவில்லை. பிறகு தோன்றியது.

ஏப்ரல் 11, சனி. மாலை 5.10.

லிஃப்ட் சோதனை முடிந்து சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

மதியம் குழுவில் நான் எழுதியிருந்தேன்: "டிஜிட்டல் நாணயத்துக்கு எதிர்காலம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை." மூன்று நிமிடத்தில் மறுப்பு வந்தது. டாக்டரிடமிருந்து அல்ல. இந்தக் குழுவில் இதுவரை ஒரு எழுத்துக்கூட எழுதாத எண். "சந்தேகமே இல்லை என்று சொல்கிறவனுக்கு வாதம் எதற்கு? டாக்டர் சொல்வதிலும் பாயின்ட் இருக்கிறது. முதலில் சாப்பிட்டாயா? அம்மா."

பத்தொன்பது இதயம். அதில் ஒன்று இன்சூரன்ஸ்காரருடையது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. நாளை காலை எட்டு மணிக்கு லிஃப்ட்டில் நான் தனியாக ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்ப்பது. இரண்டு தடவை.
2. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இன்றே.
3. இன்சூரன்ஸ்காரரைச் சமாதானம் செய்ய அம்மாவை அனுப்புவது. நான் போகக் கூடாது.
4. பத்து மணிக்கு அம்மாவை மேலே கூட்டி வருவது.
5. அவளுக்குக் குழுவில் பதில் எழுதாமல் இருப்பது. எட்டுப் பாயின்ட் கைவசம் இருக்கிறது. நாளையிலிருந்து நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.