ஹரோ வீட்டில் கால் அங்குலம்

மச்சான்,

இன்று காலை ஹரோவில் ஒரு வீட்டுத் தரையில் முழங்காலில் இருந்தபடி உன்னைத் திட்டினேன். நீ செத்து ஒரு வருடமாகிறது. இதுவரை உன்னை ஒரு சொல் சொன்னதில்லை.

வீடு உனக்குத் தெரியும். சென்னை எஞ்சினியருக்கு நாம் இருவரும் ஓக் பலகை பதித்த வீடு. அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் சூடான காற்று ஹீட்டிங்கைக் கழற்றி ரேடியேட்டர் போடுகிறார்கள். சூடான காற்று மேலே வரத் தரையில் விட்ட ஆறு வென்ட்டையும் மூடித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

பலகையோடு சமமாக, காலில் தட்டாமல் உட்காரும் மர வென்ட்டுகள் அவை. அடியில் உள்ள ஒட்டுப்பலகையில் அளவைக் குறித்து, அதுவரை ஓக்கை நிறுத்தி, நடுவில் வென்ட்டின் சட்டத்தைப் பசை போட்டு இறக்கினோம். மூன்றுக்கு நீ குறித்தாய், மூன்றுக்கு நான். முன் கூடத்து ஹோலில் இருந்த வென்ட்டுக்கு மட்டும் ஒரு பக்கம் கால் அங்குலம் இடைவெளி விழுந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தோம். முதல் குளிருக்கே, சூட்டில் காய்ந்து உதிர்ந்தது.

"இத யாருங்க அளந்தது?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"இவர்தான் சார், கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்" என்றாய், என்னைப் பார்க்காமல்.

எனக்கோ எதை யார் குறித்தது என்று நினைவில்லை. வான் வண்டியில் ஏறியதும் தோளில் தட்டினாய். "விடு மச்சான், ஆருக்கும் அளவு பிழைக்கும்தானே. நான் தனியப் போய்ச் சரிப்பண்ணிறன்." எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நான் அளக்கும் டேப்பைத் தொடவில்லை. பலகை சுமந்தேன், தேய்க்கும் மெசின் பிடித்தேன். கோயிலில் "அளவு பிழைச்சவர் வாறார்" என்று பகிடி பண்ணுவார்கள். "சும்மா இருங்கோ, அவன் பாவம்" என்று நீதான் அவர்களை அடக்குவாய். என் வீட்டு யன்னல் திரைக்குக்கூட மகளைத்தான் அளக்கச் சொன்னேன்.

உன் செத்தவீட்டில், "என்ரை பிழையை ஒரு நாளும் சொல்லிக் காட்டாத மனுசன்" என்று பேசி அழுதேன். உன் மனைவி உன் பென்சிலை என் கையில் வைத்தா.

இன்று ஹோல் சட்டத்தை நெம்பி எடுத்தேன். ஒட்டுப்பலகையில் பென்சில் கோடு. பக்கத்தில் நீ எப்போதும் போடும் சின்ன வட்டம். நான் கத்தி நுனியால்தான் கீறுவேன், அது உனக்குத் தெரியும். டேப்பை வைத்தேன். கால் அங்குலம் கூடியிருந்தது. நீ தனியப் போனது இதை நான் பார்க்கக்கூடாது என்றுதான்.

"அங்கிள், எவ்ரிதிங் ஓகே?" என்று வீட்டுக்காரப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். ஓம் என்றேன். அவளிடம் சொல்லி என்ன?

நீ பிழை விட்டதில் எனக்குக் கோபமில்லை. பத்து வருடம் என் கையையே என்னை நம்பவிடாமல் செய்தாயே, அதை மன்னிக்க என்னால் ஏலாது.

மூடும் பலகையை நானே அளந்து வெட்டினேன். இறக்கும் முன், உன் வட்டத்துக்குப் பக்கத்தில், உன் பென்சிலாலேயே, "இதை நான் அளக்கவில்லை" என்று எழுதினேன். பிறகு மூடினேன். நகம்கூட நுழையாமல் உட்கார்ந்தது.

பென்சில் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.