பந்தியில் கடைசி ஆள்

ஜனவரி 30, 1979
மோகனூர்

ஆலை வாசலில் ஒரே டோக்கன் நம்பரை இரண்டு கரும்பு வண்டிக்குக் கொடுத்துவிட்டேன். வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். புது மாப்பிள்ளை வேறெப்படி இருப்பான்? சௌந்திரம் காலையில் என் சட்டையில் பொத்தான் தைத்தபோது பாட்டு முணுமுணுத்தாள். அதே நினைப்பு!

ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில் மாமனார் வீட்டு விருந்து. அதுதான் உதைக்கிறது. சின்ன வயதிலிருந்தே கறித்துண்டு என் நெஞ்சுக்கு மேலே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

மானம் போயிற்று.

மாமனார் அப்புசாமி கோழிப்பண்ணைக்காரர். எனக்காக நாட்டுக்கோழி அடித்திருந்தார். எல்லோரும் மோர் வரை முடித்துவிட்டார்கள். நான் இன்னும் கோழிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஏனுங் மாப்ள, நம்மூட்டுக் கறி எறங்கலீங்களா?"

"எறங்குதுங் மாமா." பச்சைப் பொய்!

கொஞ்ச நேரம் பார்த்தார். இலையை மடித்தார், எழுந்தார். அவர் எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். ஒருவர் சாப்பிட்டு முடிக்குமுன் மற்றவர்கள் எழுவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய அவமரியாதை! நானும் கோழிக்காலும் மட்டும் மிஞ்சினோம்.

பிப்ரவரி 5

சௌந்திரம் காலையிலிருந்து பேசவில்லை. சாயங்காலம் வெடித்தாள். "எங்கூட்டுச் சோறு கசக்குதுன்னா பொண்ணு மட்டும் ஏனுங் எடுத்தீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! "அட, நான் எஞ்சமையலத்தானுங்க நொந்துக்கிட்டிருந்தேன்!"

பிப்ரவரி 8

சிரிப்பெல்லாம் போச்சு. விஷயம் மாமனார் காதுக்குப் போய்விட்டது. "நோவ மறைச்சுக் கட்டிட்டாங்க. தொண்டையில கட்டி கிட்டின்னா எம்புள்ளையக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றாராம்.

கட்டியாக இருந்தால்? ஐயோ, அவ போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?

பிப்ரவரி 12

சேலத்தில் எக்ஸ்ரே. சௌந்திரத்தோடு மாமனாரும் கூடவே வந்தார். சுண்ணாம்பு கரைத்தாற்போல் ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்.

கட்டி இல்லை! கட்டி இல்லை!

வலது கைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று பிறவியிலேயே வழி மாறிவிட்டதாம். இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் தப்பான இடத்தில் பிரிந்து, உணவுக்குழாயின் முதுகுப்பக்கமாகப் போய் அதை அழுத்துகிறதாம். அபூர்வமாம். ஆயுசுக்குப் பயமில்லை, மென்று மெதுவாகச் சாப்பிடு, இளைத்துப்போனால் ஆபரேஷன் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் சௌந்திரம் காதோடு, "உங்களுக்கு ரத்தக்கொழாகூடக் கோணலாத்தானுங் போகுது" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மாமனார் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். புதுச்சத்திரத்தில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். நோவை மறைத்த கோபத்தில் சௌந்திரத்தைக் கூட்டிக்கொண்டு போவாரோ?

பிப்ரவரி 14

சௌந்திரம் கறியைப் பொடியாகக் கொத்திச் சமைத்தாள். இறங்கியது! இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மாமனாரிடமிருந்து தகவலே இல்லை.

பிப்ரவரி 25

புதுச்சத்திரத்தில் மாமனாரின் பங்காளி வீட்டுக் காதுகுத்து. பயந்துகொண்டேதான் போனேன். பந்தியில் மாமனார் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

வழக்கம்போல எல்லோரும் முடித்தாயிற்று. நான் பாதியில் இருக்கிறேன். அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். "மாமா, எந்திரிக்கலாமுங்களா?" என்று மாமனாரைக் கேட்டார் பரிமாறிய வேலுசாமி.

"எனக்கு இன்னும் பசியாறல. மோரு ஊத்து சாமி."

மறுபடியும் மோர். அதற்குப் பிறகும் மோர். அவர் எழாமல் யார் எழுவது? எல்லோரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெல்லத் தின்னுங் மாப்ள" என்றார், இலையைப் பார்த்தபடியே.

கடைசி வாயை விழுங்கி இலையை மடித்தேன். அதற்கப்புறம்தான் அவர் தன் இலையை மடித்தார்.