டோம்பிவிலியில் சுண்டைக்காய்

ஜூன் 9, திங்கள்

டோம்பிவிலிக்கு வந்து இன்றோடு எட்டு நாள். 8.11 ஃபாஸ்ட் ரயிலை விட்டுவிட்டேன். 8.25-ல் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது பெருமைக்கு. பின்னால் நின்றவர்கள் என்னை உள்ளே தள்ளினார்கள், அவ்வளவுதான். தாதர் வரை ஒற்றைக் காலில் நின்றேன். வலது முழங்கால் ஏற்கெனவே ஒத்துழைக்காத கேஸ். இன்று இடதும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஆபீஸில் லேட் மார்க். பழைய மாட்டுங்கா வீட்டிலிருந்து போய்வந்த இருபத்து நான்கு வருஷத்தில் மொத்தமே ஐந்தோ ஆறோதான் வாங்கியிருப்பேன். இங்கே வந்து ஒரே வாரத்தில் இது மூன்றாவது. அரை நாள் லீவு போச்சு.

அந்த வீட்டின் சொந்தக்காரர் தன் பிள்ளைக்கு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னபோது, பக்கத்திலேயே சின்னதாக வேறு வாடகை வீடு பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். கணவர் கேஷவ் கேட்கவில்லை. அவர் கம்பெனி மூடி, கையில் வந்ததை வைத்து இங்கே ஒரு படுக்கையறை ஃபிளாட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று நின்றார். “சொந்தமா ஒரு ஆம், சாதனா. நாளைக்கு ஒருத்தன் வந்து காலி பண்ணுன்னு சொல்ல முடியாது.” முடியாதுதான். ஆனால் தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் நிற்கப் போவது அவர் இல்லையே.

ஜூன் 10, செவ்வாய்

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ரயிலின் லேடீஸ் பெட்டியில் ஒரு சட்டம் இருப்பது இன்று தெரிந்தது. டோம்பிவிலியிலிருந்து உட்கார்ந்து வருகிறவர்கள், தானே ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்து, நின்று வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? பத்து நாள் தவத்துக்குப் பிறகு அதிசயமாக ஜன்னல் சீட் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன். முலுண்டில் ஒரு பெண் தோளைத் தட்டி மராத்தியில் நன்றாகக் கொடுத்தாள். பெட்டி முழுக்க என்னையே பார்த்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன், ஐம்பது வயசில்.

அப்போது கதவுப் பக்கத்திலிருந்து தமிழ்க் குரல் வந்தது. “அக்கா புதுசு போல இருக்கு, விடு தாயி.” அதையே மராத்தியிலும் சொன்னாள். பெயர் சங்கரேஸ்வரி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், ஆறு வருஷமாக டோம்பிவிலி. மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் கூரியர் ஆபீஸில் வேலை. “நாளையிலேந்து என் பக்கத்துல நில்லுங்கக்கா. எழும்பவும் உக்காரவும் நான் சொல்லுதேன்.”

மாட்டுங்காவில் அரை நூற்றாண்டு இருந்தவளுக்கு எழுந்திருக்கவும் உட்காரவும் ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஜூன் 18, புதன்

கேஷவுக்கு வீட்டில் இருக்கும்போதே சாப்பாட்டை டப்பாவில் கட்டித்தர வேண்டுமாம். எனக்குக் கட்டும்போது அவருக்கும் ஒன்று. “தட்டுல மூடி வெச்சா ஆறிப்போறது. எறும்பு வேற.” சரி என்று கட்டினேன். வீட்டிலேயே இருக்கிற புருஷனுக்கும் டப்பா கட்டுகிற பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் இந்தத் திடீர் ஆசை என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பேசத் தெம்பில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வாளிகள் காலி. தண்ணீர் காலை பதினொன்றுக்கு ஒரு மணி நேரம் விடுகிறார்கள். பிடித்து வைக்கத்தான் ஒருத்தர் வீட்டில் இருக்கிறாரே! கேட்டால், நேற்று தண்ணீரே வரவில்லை என்கிறார். எதிர்வீட்டு பரீஹாவிடமிருந்து இரண்டு குடம் வாங்கினேன். அவர்கள் வீட்டில் மட்டும் எப்படி வந்தது? அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, “அங்கிள்...” என்று நிறுத்தி, சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சண்டை. வழக்கமான சண்டைதான்: கால், ரயில், நீங்கள் கேட்கவில்லை, நான் சொன்னேன். அவர் சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்து ஒரு பையை மேஜைமேல் வைத்தார். பச்சைச் சுண்டைக்காய். வாழைப்பூ. “பாத்தியா? இங்கயும் எல்லாம் கெடைக்கறது. நீதான் தேடலை.”

சுண்டைக்காய் நல்ல இளசு. அதற்காகக் கோபம் தணிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வத்தக்குழம்பு நன்றாக வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் அண்ணனுக்கு செம்பூரில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். அறை, சமையல் மேடை, குளியலறை. அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தால் சுவர். ஆனால் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை, ஆபீஸ் அரை மணி. என் சம்பளத்தில் கட்டுப்படியாகும். இந்த ஃபிளாட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம்.

கேஷவிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். வாங்கிய வீட்டில் ஒரு மழைக்காலம்கூட இருக்கவில்லையே என்பார். இருந்தாலும் வேறு வழி? அவர் வரமாட்டேன் என்றால் வார நாட்களில் நான் மட்டும் அங்கே இருக்கலாமா? கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு தனி ஜாகையா? என்ன எழுதுகிறேன் நான்!

ஜூலை 4, வெள்ளி

ரயிலில் சங்கரேஸ்வரிக்கு என் டப்பாவிலிருந்து சுண்டைக்காய்க் கறி கொடுத்தேன். “இது எங்கன வாங்குனிய?” என்றாள். டோம்பிவிலி மார்க்கெட்டில் இவர் மறுபடி வாங்கி வந்தது என்றேன். சிரித்தாள். “ஆறு வருசமா இருக்கேன், கண்ணால பாத்ததில்ல. எனக்கு வேணும்னா மாட்டுங்காலதான் எறங்கணும். மாமா எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்லுங்க.”

ராத்திரி கேட்டேன். “ஒரு வண்டிக்காரன். தினம் வர மாட்டான்,” என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

ஜூலை 9, புதன்

லேட் மார்க். முழங்காலுக்கு எண்ணெய். வேறொன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் சரியாகுமா பார்க்கலாம்.

காலையிலிருந்து கொட்டுகிற மழை. இரண்டு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு ஓடி, நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எப்போது எழுந்தேன், எப்போது இறங்கினேன் என்று தெரியாது. குடையை விரித்துக்கொண்டு பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் பார்த்தேன் – மாட்டுங்கா. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டியில் ஏறி, பழைய ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறேன். புத்தி எங்கேயோ, கால் மட்டும் இருபத்து நான்கு வருஷப் பழக்கத்தில் இறங்கிவிட்டது.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கட்டடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று மார்க்கெட் வழியாக நடந்தேன்.

எங்கள் பழைய கட்டடத்துக்கு எதிரே நயினாருடைய காபிப்பொடிக் கடை. அதன் வாசலில், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஸ்டூலில் கேஷவ் உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. காலையில் நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதம். ஒரு வாய் சாப்பிடுவதும், நிமிர்ந்து நாங்கள் இருந்த மூன்றாவது மாடி பால்கனியைப் பார்ப்பதுமாக இருந்தார். அங்கே யாருடைய துணிகளோ மழையில் நனைந்துகொண்டிருந்தன. “ஸார், துணியை எடுக்கச் சொல்லி மேல போன் போடட்டுமா?” என்று நயினார் கேட்டது என் காதிலும் விழுந்தது. “வேண்டாம் நயினார். அவா ஆம், அவா துணி,” என்றார் இவர். காலடியில் துணிப்பை. பையில் வாழைப்பூவின் மூக்கு வெளியே தெரிந்தது.

நான் கூப்பிடவில்லை. ஏன்? அவரைப் பிடித்துவிட்டோம் என்ற கோபமா? இல்லை, நானும் அங்கே வந்து நிற்கிறேனே என்ற வெட்கமா? குடையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஐந்தரைக்கு வீடு. பூட்டியிருந்தது. ஆறரைக்குப் போன் வந்தது. “எங்க இருக்கே? மழை ஜாஸ்தியா இருக்கு. வண்டியெல்லாம் நிக்கறதாம். ஆபீஸ்லயே இரு, பதறாதே.”

“நீங்க எங்க இருக்கேள்?”

“நான் ஆத்துலதான் இருக்கேன். எனக்கென்ன?”

அவருக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு அடுத்த ஸ்டேஷன் குர்லா என்று மூன்று மொழியில் சொல்லிற்று. நான் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, சரி, ஜாக்கிரதை என்று போனை வைத்தேன்.

எட்டே முக்காலுக்குச் சாவி திரும்பியது. முழங்கால்வரை சேறு. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனையாமல் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டார்.

“ஆத்துலதான் இருக்கேன்னேளே?”

துண்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், பரீஹா வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒன்றரை மாசமா தினமும் பொய்யா? நான் ரயிலில் செத்துச் சுண்ணாம்பாகி வருகிறேன், நீங்கள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, எனக்கு இந்த ஊர் சொர்க்கம் என்று கதை சொல்கிறீர்களா?

துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். “நீ எட்டு மணிக்குப் போயிடறே. அப்புறம் இந்தச் செவுத்தை எத்தனை நாழி பாக்கறது? முதல் நாள் சும்மா கிளம்பினேன். கால் அங்க கொண்டுபோய் விட்டுடுத்து. நீ வேண்டாம் வேண்டாம்னே, நான்தானே பிடிவாதமா கூட்டிண்டு வந்தேன். எனக்கே இருக்க முடியலேன்னு எந்த மூஞ்சியை வெச்சுண்டு சொல்லறது?”

“சுண்டைக்காய்?”

“உனக்காவது பிடிக்கட்டுமேன்னு.”

அதற்கு மேல் கத்த முடியவில்லை. அவரை அங்கே கொண்டுபோய் விட்ட அதே கால்தான் என்னையும் விட்டது என்று சொல்லிவிட்டேன். செம்பூர் அறையையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன். அவர் எழுந்து போய்க் காபி போட்டார். நயினார் கடைப் பொடி.

ஜூலை 16, புதன்

காலையில் சொன்னார்: “செம்பூரே போலாம். உன் கால்தான் முக்கியம்.”

எனக்கு வாய்தா வேண்டும் என்றேன்.

ஜூலை 19, சனி

யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. செம்பூருக்குப் போனாலும் இந்த மனுஷர் மாட்டுங்காவுக்குத்தான் போவார். இன்னும் பக்கம் வேறு. நானும் அந்தச் சுவரைப் பார்க்கிற ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு மாட்டுங்காவைத்தான் நினைப்பேன். நாங்கள் தேடுகிற வீடு இப்போது வேறொருத்தர் துணி காயும் பால்கனி. வாடகைக்கு எடுக்க முடியாது.

இதை எழுதியதும் ஒரு பாரம் இறங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பாரம் அப்படியேதான் இருக்கிறது. என்னவென்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 21, திங்கள்

செம்பூர் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரயிலில் தானே ஸ்டேஷன் தாண்டியதும் சங்கரேஸ்வரி முழங்கையால் இடித்தாள். எழுந்தேன். “இப்ப சரி,” என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

இருவரும் டோம்பிவிலி மார்க்கெட்டுக்குப் போனோம். முதல் தடவை சேர்ந்து. சுண்டைக்காய் கேட்டோம். ஏழு கடையில் இல்லை என்றார்கள், எட்டாவது கடைக்காரிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கேஷவ் கையால் உருட்டிக் காட்ட, அவள் பட்டாணியை எடுத்து நீட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் கால் வலி மறந்தது. எத்தனை மாசமாயிற்று இப்படிச் சிரித்து.

சேப்பங்கிழங்கு இலையும் கொத்தவரையும் வாங்கினோம். சேப்ப இலையை என்ன செய்வது என்று பரீஹாவிடம் கேட்டார். அவள் அம்மா வந்து மாவு தடவிச் சுருட்டக் கற்றுக்கொடுத்தாள். உப்பு அதிகமாகிவிட்டது. சாப்பிட்டோம்.

ஜூலை 30, புதன்

அவர் இன்றும் மாட்டுங்கா போனார். சொல்லிவிட்டுப் போனார். டப்பா கட்டினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முழங்கால் வீங்கி லீவு. பதினொன்றுக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் பிடித்தோம். மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதை யாரும் நிறுத்துவதில்லை என்று மேலே போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். வால்வு பழுது, பிளம்பரை யார் கூப்பிடுவது என்று நான்கு கிழவர்கள் சண்டை போட்டார்களாம். “ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியலை,” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குரலில் அதிகாரம் இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் இரண்டு டப்பாவையும் வழக்கம்போல மேடையில் வைத்தேன். அவர் ஷேவ் செய்துகொண்டே எட்டிப் பார்த்து, “எனக்குக் கட்டாதே. பிளம்பர் வரான், நான் இருக்கணும். தட்டுல மூடி வெச்சுட்டுப் போ,” என்றார்.

“ஆறிப்போகுமே. எறும்பு வேற.”

“பரவாயில்லை.”

தட்டில் வைத்து, மூடி, சுற்றித் தண்ணீர் விட்ட தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்தேன். 8.11 கிடைத்தது.