தொண்ணூற்றாறாவது குழி

நைரோபி
31 ஜூலை 1999

அன்புள்ள கிமேயு,

நீ அனுப்பிய மக்காச்சோள இலைத் துண்டுகளைப் பார்த்து முடித்துவிட்டேன். பட்டியல் இத்துடன். வறட்சி தாங்கும் மரபணுக் குறிகள் மூன்றும் உள்ள செடிகள் பன்னிரண்டு. அவற்றுக்குச் சிவப்பு நாடா கட்டு. மற்றவற்றைப் பூக்கும் முன் பிடுங்கிவிடு. முதல் செடியிலிருந்து எதுவும் வரவில்லை, இலை காய்ந்திருக்கும்.

வெளிநாட்டு மேற்படிப்புக்கான நேர்காணல் ஆகஸ்ட் 25. அங்கே காட்ட என்னிடம் இருப்பது இந்தப் பன்னிரண்டுதான்.

போன முறை இலைப் பெட்டியில் பனிக்கட்டிக்கு இடம் இருந்தது. எனக்கு ஒரு வரி எழுதிப் போட இடமில்லையா? ஒழுங்காகச் சாப்பிடு.

உன்
சியோம்புவா

---

மக்கிண்டு
17 ஆகஸ்ட்

அன்புள்ள சியோம்புவா,

சாப்பிடுகிறேன். தினமும் சோளமும் பயறும்தான்.

தண்ணீரை நிறுத்தி மூன்று வாரம். எல்லாச் செடியிலும் ஆண்பூ வந்துவிட்டது. நாடா கட்டிய பன்னிரண்டிலும், ஆண்பூ வந்து ஒன்பது நாளாகியும், பெண்கதிரின் பட்டிழை எட்டிப் பார்க்கவில்லை. இனி வந்தாலும் மகரந்தம் மிச்சமிருக்காது, கதிர் மொட்டைதான்.

உனக்கு அனுப்ப இலை துளைத்துக் கொடுக்கும் கலுண்டே அக்கா வரப்பில் நின்று சிரிக்கிறாள். "ஏம்ப்பா கிமேயு, ரிப்பன் பூராவும் நோஞ்சானுக்கே கட்டியிருக்கியே! உன் பொண்டாட்டி பொறுக்கினதுதானே? நோஞ்சானாப் பார்த்துப் பிடிக்கிறது அவளுக்குப் பழக்கமாச்சே."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

கடைசி வரிசையை இன்னும் பிடுங்கவில்லை. அதில் 91, 94 இரண்டிலும் பட்டிழை இரண்டே நாளில் வந்துவிட்டது. இரண்டும் நீ வேண்டாம் என்றவை. வேண்டும் என்ற 6, 3 இரண்டும் வறண்டு நிற்கின்றன. பட்டியலைக் கீழிருந்து மேலே படித்துப் பார்த்தேன். 6இன் முடிவு 91க்கும், 3இன் முடிவு 94க்கும் பொருந்துகிறது.

நம்மிடம் இருப்பது தொண்ணூற்றைந்து செடி. இலைத் துண்டு வைத்து அனுப்பும் தட்டின் தொண்ணூற்றாறாவது குழியில் நாங்கள் இலையே வைக்கவில்லை. உன் பட்டியலில் 96க்கு முடிவு இருக்கிறது, 1க்கு இல்லை. தட்டை ஒட்டி மூடியது நான். திசை தெரிய வெட்டிய மூலை முதல் செடியின் பக்கம் இருந்தது. இங்கிருந்து நேராகத்தான் கிளம்பியது, அங்கேதான் தலைகீழாகத் திரும்பியிருக்க வேண்டும்.

உண்மையில் வேண்டியிருந்த மற்ற பத்தும் பிடுங்கிய குவியலில் இருந்தன. மாடுகள் தின்றுவிட்டன.

உன்
கிமேயு

---

நைரோபி
19 ஆகஸ்ட்

அன்புள்ள கிமேயு,

நீ சொல்வது சரி.

தட்டை இயந்திரத்தில் வைத்த அன்று மின்சாரம் போனது. வெளியே எடுத்து, மின்சாரம் வந்தபின் மறுபடி வைத்தேன். எந்தப் பக்கமாக வைத்தேன் என்று நினைவில்லை. இல்லை, இது பொய். திருப்பி வைத்தேனோ என்று அப்போதே ஒரு நொடி தோன்றியது. பார்க்கவில்லை. 96க்கு முடிவு வந்தபோது நீ ஒரு செடி கூடுதலாக வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஆய்வுத் தலைவர் டாக்டர் நபாலாயோவிடம் 25 வரை எதுவும் சொல்லாதே. பன்னிரண்டு என்ற எண்ணிக்கை பொய்யில்லை, செடிகள்தான் வேறு. ஆறு நாள். அதன் பிறகு நானே சொல்கிறேன்.

91ஐயும் 94ஐயும் வேறு மகரந்தம் படாமல் உறை போட்டுக் காப்பாற்று.

உன்
சியோம்புவா

---

மக்கிண்டு
22 ஆகஸ்ட்

அன்புள்ள சியோம்புவா,

டாக்டர் நேற்று காலை சொல்லாமல் வந்துவிட்டார். வயலைப் பார்த்தார். பட்டியலைக் கேட்டு வாங்கினார். 96இல் விரலை வைத்தார்.

"இலையைத் துளைச்சுத் தட்டுல வச்சது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் கலுண்டே அக்கா.

"தலைகீழா வச்சிருக்கே. ஒரு பருவமே போச்சு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

அவள் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நெஜமாவே நான்தான் தப்பா வச்சேனாப்பா? நீ பார்த்துத்தானே மூடினே?"

டாக்டர் வண்டியில் ஏறும்முன் சொல்லிவிட்டேன். தட்டு இங்கே திரும்பவில்லை, ஆய்வுக்கூடத்தில் திரும்பியது, உனக்கும் தெரியும் என்று. அவர் "அந்தம்மாவை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு," என்றார். கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தில் போன் இருந்தது. முதலில் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நீ "வேண்டாம்" என்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான்.

கலுண்டே அக்கா இன்று வேலைக்கு வந்தாள். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

உன்
கிமேயு

---

நைரோபி
26 ஆகஸ்ட்

கிமேயு,

உன் கடிதத்துக்கு முன்பே, 21ஆம் தேதி மாலையே டாக்டர் கூப்பிட்டுவிட்டார். இரண்டே கேள்வி. "தட்டைத் திருப்பினது நீதானா?" ஆமாம் என்றேன். "இத்தனை நாளாத் தெரிஞ்சும் சொல்லலை?" இரண்டு நாள்தான் என்று திருத்தத் தோன்றியது. திருத்தவில்லை. நேர்காணலுக்கு வேறொருவர் போனார்.

கலுண்டே அக்காவுக்குத் தனியாக ஒரு தாள் எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டு. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், நீ இல்லை.

நீ செய்தது சரி. இதைச் சிரமமில்லாமல் எழுத முடிகிறது.

ஆனால் கேள் கிமேயு. நீ போன் செய்து, அவளை அனுப்புகிறார்கள் என்று சொல்லியிருந்தால், நானே டாக்டரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். நிரூபிக்க இனி வழியில்லை. சொல்லமாட்டேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய். நான்கு வருடம் என்னோடு வாழ்ந்த பிறகு.

மாதக் கடைசியில் வருவதாக இருந்தேன். வரவில்லை.

சியோம்புவா