நீ திருப்பிக் கொடுத்த குப்பி

இன்று காலை ஆய்வகத்தில் ஊறவைத்த கொள்ளை அரைத்தபோது எழுந்த பச்சை வாசனையில் உன் நினைவு வந்தது. "குதிரைக்கு வெக்கிறத அரைக்கவா மாமு இவ்ளோ பட்ச்ச?" என்று, நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடத்திலிருந்தே என்னைக் கிண்டலடித்த அதே வாயால் கேட்டாய்.

கொள்ளின் புரதத்தை நொதியால் துண்டாக்கினால் பெப்டைடு என்னும் சின்னஞ்சிறு துணுக்குகள் கிடைக்கும். சர்க்கரை நோயால் ஆறாத புண்ணை அவை ஆற்றுமா என்று எலிகளிடம் பார்ப்பது என் வேலை. மணலியில் டேங்கர் லாரி ஓட்டிய உனக்கும் அதே நோய்தான். பாதம் மரத்துப்போய், செருப்பைத் துளைத்த ஆணியோடு மீஞ்சூர் வரை போய் வந்திருக்கிறாய். வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து உன் மனைவிதான் சொன்னாள். அந்தப் புண் ஆறவேயில்லை.

"எலிக்குக் குடுக்கிறத எனுக்கும் கொஞ்சம் குடேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் மறுத்துக்கொண்டே இருந்தேன். உன் கால்விரல் ஒன்றை எடுத்த பிறகு எனக்குத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பெப்டைடு குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு, உன் வீட்டுக்கு வந்தேன்.

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "மனுசங்க யாருக்குனா குட்து பாத்துகீறாங்களா?"

"இன்னும் இல்ல."

"எனுக்கு எதுனா ஆச்சின்னா?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். குப்பியை என் சட்டைப் பையிலேயே வைத்தாய். "நீ பயந்துகினு கீற. பயத்துல குடுக்கிறது எனுக்கு வேணாம். நாளிக்கு டிரெஸ்ஸிங் கட்டணும், வண்டி எட்துகினு வா."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நான் செய்யவிருந்த தவறிலிருந்து நீ என்னைக் காப்பாற்றியது பிறகுதான் உறைத்தது.

மூன்று மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், என் வண்டியில் மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, புண் மூடியது. மறுபடி நடமாடத் தொடங்கியதும் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், "இன்னாடா வெக்கம், காட்டு" என்று மற்ற டிரைவர்களின் பாதங்களைப் பார்த்தாய். இருவருக்குப் புண் இருந்தது. அதுவரை அவர்களுக்கே தெரியாது.

போன ஆண்டு மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. சாவு வீட்டில் அந்த இரண்டு டிரைவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பாத்ததாலதான் சார் எனுக்கு காலு கீது" என்றார்.

என் பெப்டைடுகள் இன்னும் எலியைத் தாண்டவில்லை. எப்போது மருந்தாகும் என்று என் தெருவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல முன்பு கூசும். இப்போது சொல்லிவிட்டு, அவர்கள் பாதத்தைப் பார்க்கக் குனிகிறேன்.