கோணல் சுவரில் இருந்தது

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, மகள் அமுதவல்லி வணக்கத்துடன் எழுதுவது. தாமதத்தைப் பொறுத்தருளவும். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று அடையாறில் ஒரு சமையலறை வேலை. ப்ளைவுட்டை மேசைமீது கிடத்தி, அலுமினியப் பட்டையை இறுக்கி, அதன்வழியே மின்ரம்பத்தை ஓட்டி நான் அறுத்த அலமாரிப் பலகை சுவரோடு ஒட்டவில்லை.

“இன்னாம்மா, வீடியோ பாத்துக் கத்துக்கினா இப்டித்தான். கோணலா கீது பாரு,” என்றார் ஏகாம்பரம் மேஸ்திரி.

பலகையைக் குறுக்காக, மூலைக்கு மூலை இருபுறமும் அளக்கச் சொன்னேன். அவரே இரண்டு முறை டேப்பை நீட்டினார். இரண்டும் ஒரே அளவு; பலகையின் மூலைகள் சரியாகவே இருந்தன. கோணல் சுவரில் இருந்தது. இன்றுமுதல் அந்த ரம்பம் என் பொறுப்பு என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார்.

ஆகவே, வேலையை விட்டு வரும்படி தாங்கள் எழுதியதற்கு இணங்க இயலாது.

மரத்தூளுக்கு மூக்கில் கட்டிக்கொள்ள, தாங்கள் உடுத்திய நூல்புடவை ஒன்றை அனுப்பவும். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்வேன். விரைவில் பதில் எழுதவும்.